வளர்ப்பு முயலும் வருமுன் காக்கும் மருத்துவமும்

முயல் தமிழருக்குப் புதிய பிராணி அல்ல. சங்கப் பாடல்களில் முயல் உண்டு; குறளிலும் உண்டு. நிலவில் தெரிகிற கறைக்கு முயற்கறை என்று பெயரிட்டு வானத்திலும் அதைக் குடியேற்றியவர்கள் நாம். பிடிவாதக்காரனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று சொல்லாத கிராமம் கிடையாது. ஆனால் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலக்கியத்திலும் பழமொழியிலும் ஓடுகிற முயல் வேறு, இன்று நம் பிள்ளைகள் கூண்டில் வைத்துக் கேரட் ஊட்டுகிற முயல் வேறு.

முன்னது காட்டு முயல். விலங்கியலார் இதை லீபஸ் நிக்ரிகாலிஸ் என்பர். இது வளை தோண்டாது. புதர் மறைவில் குட்டி போடும்; குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கும். இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பின்னது குழிமுயல், ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்பது அதன் பெயர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் தாய்நாடு. ஸ்பெயினுக்கு வழங்கிய ஹிஸ்பானியா என்ற பழம்பெயரே பினீசிய வணிகர்கள் அங்கே கண்ட முயல்களால் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. வணிகர் வைத்த பெயர் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் சொந்தப் பாசமும் உண்டு. இது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. குட்டி கண் மூடி, மயிர் இல்லாமல், சுண்டுவிரல் மாதிரி பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவதும் இல்லை.

நம் அந்தமானில் இரண்டுமே இயற்கையாகக் கிடையாது. ராஸ் தீவு என்று நாம் அழைத்துவந்த, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறிய அந்தத் தீவுக்குப் படகில் போகிறவர்கள் இடிந்த வெள்ளைக்காரன் கட்டடங்களையும் புள்ளிமானையும் மயிலையும் பார்ப்பதோடு முயலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போதே பிள்ளைகள் ஆரம்பித்துவிடும்: "அப்பா, எனக்கும் ஒரு முயல்." பிறகு சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஒரு ஜோடி வந்து சேரும். போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம் எனப்படும் நம் ஊரில், நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே முயல் வளர்ப்பவர்கள் கணிசம். என் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், எங்கள் வீட்டில் மூன்று முயல் இருப்பது தெரிந்து, சந்தேகம் கேட்பதும் உண்டு. பெரும்பாலும் வருகிற கேள்வி, "திடீர்னு செத்துப்போச்சுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்?" என்பதுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகவே எழுதப்படுகிறது. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் கற்றது. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டதும், நூல்களில் பார்த்ததும், எங்கள் வீட்டு முயல்களிடம் கண்டதும் சேர்ந்ததே இது.

முதலில் அந்த "திடீர்னு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முயல் திடீரென்று சாவது அபூர்வம். நாம் திடீரென்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற பிராணி, தான் நோயுற்றதை வெளியே காட்டினால் அன்றைக்கே பிடிபடும். ஆகவே வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். நாய் காலைத் தூக்கிக்கொண்டு ஊளையிடும், மாடு அசை போடாமல் நிற்கும், பூனை மூலையில் போய்ப் படுக்கும். முயல் எதுவும் சொல்லாது. பல்வலியோடே தட்டுக்கு வந்து மோந்துவிட்டுப் போகும். நாம் தின்றதாக நினைத்துக்கொள்வோம். அது தன் நோயை மறைக்க முடியாத கட்டத்துக்கு வரும்போது முக்கால்வாசிக் காரியம் முடிந்திருக்கும். நோய் வந்தபின் ஆஸ்பத்திரி என்ற நம் வழக்கம் முயலிடம் செல்லாது. நோய் இல்லாதபோதே கொண்டுபோய்க் காட்டுவது ஒன்றே வழி.

"முயலுக்கு எதுக்குங்க டாக்டர்? மாட்டுக்குத்தானே டாக்டர்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இந்த நீண்ட மரபில் முயல் நுழைந்தது பண்ணைப் பிராணியாக. ஊட்டி அருகே சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் அரசு நிலையங்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் போன்ற இனங்களை வைத்து ஆராய்ந்தன. விவசாயிகளுக்குக் குட்டிகளை விற்றன. இறைச்சிக்கும் உரோமத்துக்கும் ஆன ஏற்பாடு அது. பண்ணை முயல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை வந்ததும் அதன் கணக்கு முடிகிறது. இனவிருத்திக்கு வைப்பதும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் இல்லை.

இதனால் என்ன ஆயிற்று என்றால், பண்ணையில் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்கள், அதாவது கழிச்சலும் சொறியும் சளியும், நம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே முயல் வீட்டில் எட்டு, பத்து வருஷம் வாழும்போது வருகிற பல் கோளாறு, கருப்பைப் புற்று, மூட்டு வீக்கம், சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு சேர்தல் ஆகியவை பண்ணையில் காணக் கிடைக்காதவை. அந்த வயதுக்கு அங்கே முயலே இல்லையே, நோய் எங்கிருந்து வரும்? சீவகாருண்யம் பேசுகிற குடியில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த உண்மை உறுத்துகிறது. ஆனால் குறை சொல்லிப் பயனில்லை. நம் தீவில் உள்ள டாக்டர்கள் ஆடும் பன்றியும் கோழியும் மாடும் பார்க்கிறவர்கள். 1978-இல் இங்கே தொடங்கிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம், இப்போது சியாரி என்கிறோமே, அதுவும் நிக்கோபாரிக் கோழி, தெரசா ஆடு என்று தீவுக்குரிய இனங்களைக் காப்பதில் பெயர் பெற்றது. முயலைக் கொண்டுபோனால் அவர்கள் மறுப்பதில்லை. ஆனால் வளர்ப்பவனும் விவரம் தெரிந்து போனால்தான் சோதனை முழுமையாகும்.

பல்லிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் முயலின் பாதி ஆயுள் பல்லில் இருக்கிறது. மொத்தம் 28 பற்கள். மேல் முன்பல் இரண்டுக்குப் பின்னால் ஆணி மாதிரி இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். எலியிடம் இது கிடையாது. முயலை எலி இனத்தில் சேர்க்காமல் தனி வரிசையாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாப் பல்லும், கடைவாய்ப் பல் உட்பட, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், வருஷத்துக்கு நாலு அங்குலத்துக்கும் குறையாது. வளர்வது எவ்வளவோ அவ்வளவு தேயவும் வேண்டும். தேய்ப்பது எது? மரக்கட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பது புல்தான். புல்லில் உள்ள மணல் போன்ற சிலிக்காவும் நாரும் மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைக்கப்படும்போதுதான் அந்தப் பல் மட்டமாக இருக்கும். கேரட்டும் பிஸ்கட்டும் குச்சித் தீவனமும் மட்டும் தின்கிற முயல் மெல்லுவதே கொஞ்ச நேரம். பல் ஒரு பக்கம் கூராகி, கீழ்ப்பல்லின் முனை நாக்கைக் கிழிக்கும், மேற்பல்லின் முனை கன்னத்தைக் கிழிக்கும். முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டாக்டர் காது பார்க்கிற கூம்புக் கருவியை வாயோரமாக நுழைத்து, விளக்கு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே சோதனைக்குப் போனால், "கடைவாயும் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இதில் இன்னொரு நுட்பம். மேல் பல்லின் வேர் கண்ணீர்க் குழாய்க்கு மிக அருகில் இருக்கிறது. வேர் மேல்நோக்கி நீண்டால் குழாய் அடைபட்டு ஒரு கண்ணில் மட்டும் நீர் வழியும். நாம் கண் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருப்போம். நோய் பல்லில் இருக்கும். வளர்ந்த முன்பல்லை நகவெட்டியால் நறுக்குகிற வழக்கமும் வேண்டாம். பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் வைக்கும். அதற்கென்று அறுக்கிற கருவி இருக்கிறது. கடைவாய்ப் பல்லாக இருந்தால் மயக்கமருந்து கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது வயிறு. முயலின் குருட்டுக்குடல் அதன் உடம்பளவுக்குப் பார்த்தால் மிகப் பெரியது. மாட்டுக்கு முதல் வயிறு எப்படியோ முயலுக்கு அது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மெத்தென்ற, திராட்சைக் கொத்து மாதிரியான ஈரப் புழுக்கையாக வெளிவரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். அசிங்கம் என்று தடுக்கக்கூடாது. அதுதான் அதற்குக் கிடைக்கும் வைட்டமின். உலர்ந்து உருண்டையாக விழுகிறதே, அதுதான் கழிவு. குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தால்தான் முயல் பிழைக்கும். பயமோ வலியோ நார்ப் பற்றாக்குறையோ வந்தால் குடல் நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே வாயு சேர்ந்து வலி கூடும், வலியால் இன்னும் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் மந்தமாகும். பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். சென்னைக்குக் கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகிற ஊரில் நாம் குடியிருக்கிறோம். மெயின்லாண்டில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்பதெல்லாம் இந்த நோயில் நடக்கிற காரியமில்லை.

இந்தக் குடல் நுண்ணுயிர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை முயலுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுக்கவே கூடாது. கிளின்டாமைசின், லிங்கோமைசினும் அப்படித்தான். குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அவை கொன்று, நச்சு உண்டாக்கும் கிருமியைப் பெருகவிடும். இரண்டொரு நாளில் முயல் போய்விடும். அதேபோல நாய்க்கு உண்ணி போக அடிக்கிற பிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகச் சேர்ந்தாலோ, மூக்கிலும் கால்விரலிலும் சொறி கண்டாலோ டாக்டர் ஐவர்மெக்டின் ஊசி போடுவார். எடைக்குத் தகுந்த அளவு, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும். அந்தச் சொறி வளர்ப்பவர் கைக்கும் ஒட்டும், படர்தாமரையும் ஒட்டும் என்பதால் வீட்டில் குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

நம் தீவின் சீதோஷ்ணத்துக்கு வருவோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை, எப்போதும் பிசுபிசுப்பு. முயலுக்கு வியர்க்காது. காதில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். காற்று வராத தகரக் கொட்டகையில் மதியம் அடைத்துவைத்தால் சுருண்டுவிடும். அதற்கு மேல் ஈரம். கழிச்சல் நோயை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை புழுக்கையோடு விழும்போது அப்போதே தொற்றாது. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகே தொற்றும் பக்குவம் அடைகிறது. கூண்டைத் தினமும் கூட்டினால் பாதி நோய் அங்கேயே அறுந்தது. பால் மறக்கிற குட்டிகளுக்கு இது எமன். கல்லீரலையும் தாக்கும் வகை ஒன்று உண்டு. புழுக்கையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முட்டை தெரிந்துவிடும். மருந்தும் எளிதில் கிடைப்பதுதான். எனவே புதுக்குட்டி வந்த முதல் வாரத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் அன்றைய புழுக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் வால்புறம் நனைந்து அழுக்கேறினால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொழுத்த முயலும் கிழட்டு முயலும் தன் பின்புறத்தைத் தானே நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனையில் கட்டாயம் கேட்க வேண்டியது ஆணா பெண்ணா என்பது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சென்னையில் ஒரு கடையில் இரண்டும் பெட்டை என்று சொல்லிக் கொடுத்ததை நம்பிக் கப்பலில் கொண்டுவந்தது. நாலு மாதத்தில் ஆறு குட்டி. கடைக்குப் போன் போட்டால், "அதிர்ஷ்டம்தானே சார்" என்றாராம். சினைக்காலம் 30 நாள் சுமார். ஈன்ற அன்றைக்கே தாய் மறுபடி சினையாகும். இதற்குப் பருவம் கிருவம் எல்லாம் கிடையாது, இணை சேர்ந்தால்தான் முட்டையே வெளிப்படும். 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் சேர்க்கப்பட்டிருக்கிறது, கடைக்குப் பதிவு வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது, குட்டியைத் திருப்பிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் கடையில் இல்லை.

ஆணுக்கு விதை நீக்குவது எளிது. பெட்டைக்குக் கருப்பை நீக்குவது பெரிய அறுவை, கை தேர்ந்தவரிடம்தான் செய்ய வேண்டும். ஆனால் செய்யாவிட்டால் என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலு வயது கடந்த பெட்டைகளில், சில இனங்களில் பாதிக்கும் மேல், கருப்பைப் புற்று காணப்பட்டதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முதல் அடையாளம் சிறுநீரில் ரத்தம். இங்கே குழப்பம் ஒன்று வரும். முயல் சில தழைகளைத் தின்றால் சிறுநீர் செங்கல் நிறத்தில் போகும், அது நோயல்ல. சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெள்ளையாகவும் போகும். உணவில் வந்த சுண்ணாம்புச் சத்து அத்தனையையும் முயல் குடலில் இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. அகத்தியும் குதிரைமசாலும் அளவோடு போடச் சொல்வது இதற்காகத்தான். சிவப்பு ரத்தமா, சாயமா என்பதை டாக்டர் ஒரு சோதனைப் பட்டையை நனைத்து அங்கேயே சொல்லிவிடுவார்.

தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் வெளியான புத்தகங்களில் ஆண்டுதோறும் ஊசி என்று போட்டிருக்கும். அது மிக்சோமாடோசிஸ், முயல் ரத்தக்கசிவு நோய் என்ற இரண்டுக்கும். முதலாவதை 1950-இல் ஆஸ்திரேலியாவில் முயலைக் கொல்வதற்கென்றே மனிதர் பரப்பினர். இரண்டாவது 1984-இல் சீனாவில் வெளிப்பட்டது. நம் நாட்டில் வளர்ப்பு முயலுக்கென வழக்கமாகப் போடும் தடுப்பூசி அட்டவணை கிடையாது. அதனால் "ஊசி இல்லையே, பிறகு எதுக்கு வருஷா வருஷம்?" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சோதனை என்பது ஊசிக்காக அல்ல.

வருஷம் ஒருமுறை, ஐந்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. எடை, காய்ச்சல், பல், காது, கண், மூக்கு, நெஞ்சுச் சத்தம், வயிற்றைத் தடவிப் பார்த்தல், நகம், உள்ளங்கால், வால்புறம்: ஒரு பத்து நிமிஷ வேலை. உடல்சூடு 38.5-லிருந்து 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நம் கணக்கில் பார்த்துக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். முன்னங்கால் உட்புறத்து முடி பிசுபிசுத்துத் திரிந்திருந்தால் முயல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது, சளி இருக்கிறது என்று அர்த்தம். கம்பி வலைத் தரையில் வளர்ந்ததற்குக் குதிகால் முடி கொட்டிப் புண்ணாகியிருக்கும். பலகை போட்டு, காய்ந்த புல் பரப்பினால் ஆறும்.

கொண்டுபோகும் முறையும் முக்கியம். முயலின் எலும்பு மிக இலேசு, பின்னங்கால் தசையோ பலம். பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவது மந்திரவாதி படத்தில் மட்டும் இருக்கட்டும். ஒரு கை நெஞ்சின் கீழ், ஒரு கை பின்புறத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். மல்லாத்தினால் அசையாமல் கிடக்கும். சாதுவாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அது செத்தாற்போல் கிடக்கிற பயம். மூடியுள்ள கூடையில் துண்டு விரித்து, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். கூட வளரும் ஜோடியையும் சேர்த்தே எடுத்துப்போனால் அமைதியாக இருக்கும். நாய்க் கூட்டத்துக்கு நடுவே காத்திருக்காமல் வெளியே மரத்தடியில் இருந்து, முறை வந்ததும் உள்ளே போவது உத்தமம். பட்டினி போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை, அறுவைக்குக்கூட. வாந்தி எடுக்காத பிராணிக்கு எதற்குப் பட்டினி?

டில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் திகம்பர சமணர் நடத்தும் பறவை ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். புலால் தின்னும் பறவைகளுக்கு வெளியே வைத்து வைத்தியம் செய்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே படுக்கை கிடையாது. முயல் சைவம் என்பதால் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஓர் இடம் நம் தீவில் எப்போது வருமோ தெரியாது. அதுவரை நம் கையில் இருப்பது தராசும் நோட்டும்.

வியாபாரி என்பதால் இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்வேன். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எடை பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு ஐந்து கிராம் வித்தியாசம் காட்டும். தட்டில் ஒரு கூடை, அதில் துண்டு, முயலை வைத்து, கூடை எடையைக் கழித்து, வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் எழுதிவைக்க வேண்டும். இரண்டு கிலோ முயல் 200 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. எழுபது கிலோ ஆள் ஏழு கிலோ இளைத்தால் வீடே பதறும். முயலில் அந்த 200 கிராம் ரோமத்துக்குள் ஒளிந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. கடையில் இருப்புக் கணக்கு எடுப்பவன் மூட்டையைப் பார்த்துச் சொல்வதில்லை, நிறுத்துத்தான் சொல்வான். எங்கள் வீட்டு இரண்டாவது முயல் மூன்று வாரத்தில் 2150-இலிருந்து 1980 கிராமுக்கு வந்தது. தின்கிறது, ஓடுகிறது, வேறு குறை ஒன்றும் இல்லை. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா கூம்பை நுழைத்துப் பார்த்துவிட்டு, இடது கீழ்க் கடைவாயில் முனை வளர்ந்து நாக்கில் கோடு விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். இந்தியில் பேசுபவர், "அங்கிள், ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா கஷ்டம்" என்றதை என் பேத்திதான் எனக்குத் தமிழில் சொன்னாள். பல்லைச் சீராக்கி, அடுத்த வாரமே புல்லுக்கு வந்துவிட்டது.

புல் என்றதும் நம் ஊர் நிலைமை. மெயின்லாண்டு புத்தகம் சொல்கிற உலர்புல் இங்கே மூட்டையாக வராது, வந்தாலும் கப்பலிலேயே பூஞ்சை பிடித்திருக்கும். பச்சையாகக் கினியாப் புல், நேப்பியர், அருகம்புல் தாராளம். பறித்து, நீர் வடிய நிழலில் வாட்டிப் போடலாம். கல்யாண முருங்கை இலையை ஆசையாகத் தின்னும். சுபாபுல் தழை அதிகமானால் முடி கொட்டும். அதில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. கேரட்டில் சர்க்கரை அதிகம், அது மிட்டாய் மாதிரி ஒரு துண்டு போதும். கார்ட்டூன் முயலைப் பார்த்துத் தீவனம் போடுவது நம் காலத்துக் கூத்து.

பராமரிக்க முடியவில்லை என்று காட்டில் விட்டுவிடுகிற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மதீராவை அடுத்த போர்ட்டோ சாண்டோ தீவில் முயலை இறக்கிவிட்டார்கள். குட்டி பெருகிப் பயிரெல்லாம் தின்று, குடியேறியவர்கள் சாகுபடி செய்ய முடியாமல் திண்டாடினார்கள். அந்தத் தீவின் தலைவர் பெரெஸ்ட்ரெல்லோவின் மகளைத்தான் பிற்பாடு கொலம்பஸ் மணந்தார் என்பது உபரிச் செய்தி. பசிபிக் கடலில் லைசான் தீவில் 1903-இல் விடப்பட்ட முயல்கள் இருபதே ஆண்டில் அந்தத் தீவை மணல்மேடாக்கின. அங்கே மட்டும் வாழ்ந்த சிறு பறவைகள் சில அழிந்தே போயின. வெள்ளைக்காரன் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான் நம் காடுகளில் இளங்கன்றுகளைத் தின்று தீர்ப்பதை வனத்துறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வளர்க்க இயலாதவர் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். எங்கள் மூன்றில் ஒன்று அப்படி வந்ததுதான்.

அது ஆண், விதை நீக்கியது, இப்போது ஏழு வயது நடக்கிறது. கிழவன் என்றே கூப்பிடுகிறோம். போன சோதனையில் பின்னங்கால் மூட்டு இறுகத் தொடங்கியிருப்பதைக் கண்டு, கூண்டு வாசற்படியைத் தாழ்த்தச் சொன்னார்கள். அட்டைப்பெட்டியைச் சரிவாக வெட்டி, மேலே சாக்கு ஒட்டிப் படியாக வைத்திருக்கிறோம். அவனுக்கு அடுத்த சோதனை தைப்பொங்கல் கழிந்த வாரம். நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது 1905 கிராம்.